ஆகட்டும் ஓவர்சியர்

அவரைத் திட்டிவிட்டு வரவேண்டும் என்று கிளம்பிப் போனவர்களில், திட்டிவிட்டுத் திரும்பியவர் ஒருவரும் கிடையாது. நானே பல தடவை போயிருக்கிறேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். அவர் வாசலுக்கே வந்து தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிப் போவார். பெஞ்சில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நான் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்பார். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் முடித்ததும் "ஆகட்டும்" என்பார். அதோடு என் கோபம் இறங்கிவிடும். சரி என்று சொல்கிற மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது?

ஜில்லா போர்டில் அவர் ஓவர்சியர். ரோடு, பாலம், பள்ளிக்கூடத்துக் கூரை, குடிதண்ணீர்க் கிணறு எல்லாம் அவர் பார்வையில் இருந்தன. சொந்த ஊர் காவேரிப் பாசனத்துப் பக்கம். குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, தருமபுரியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். வேட்டி, அதன்மேல் ஒரு பழைய கோட்டு, காக்கித் தொப்பி, சைக்கிள். கோட்டுப் பையில் தோல் உறை போட்ட அளவு டேப்பு எப்போதும் இருக்கும். பெற்றோர் வைத்த பேர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஆகட்டும் ஓவர்சியர் என்றால் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் தெரியும்.

அந்த வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் 'ஆவட்டும்' என்பது லேசான பேச்சு அல்ல. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறவன் கடைசியில் 'ஆவட்டும்' என்றால், மாடு கைமாறிவிட்டது என்று அர்த்தம். பெண் கேட்டுப் போன இடத்தில் பெண்ணின் தகப்பன் அதைச் சொன்னால், வெற்றிலை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்புறம் பேச்சை மாற்றினால் ஊருக்குள் தலை காட்ட முடியாது. அவர் ஊரிலோ 'நீ சொன்னது என் காதில் விழுந்தது, போய் வா' என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இது எங்களுக்குத் தெரிய வருஷங்கள் ஆயின. ஒரே தமிழ்தான், என்ன செய்வது!

அவர் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒரு குசும்புக்காரன் அவரைச் சோதித்துப் பார்த்தான். "அய்யா, இந்தச் சித்தேரி மலை பொழுதோட எங்க காட்டுக்கு வெயில மறைக்குதுங்க. கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெச்சா நல்லா இருக்கும்" என்றான். ஓவர்சியர் மலையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து யோசித்தார். "ஆகட்டும்" என்றார். குசும்புக்காரன் சிரிக்க வேண்டியவன், சிரிக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எங்கள் வழக்கு மலை அல்ல, கிணறு. ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஒரு படிக்கிணறுதான். மேலிருந்து தண்ணீர் வரைக்கும் கல்படி. பெண்கள் குடத்தோடு இறங்கி, கணுக்கால் நனைய நின்று முகந்து வருவார்கள். அதில்தான் நரம்புச் சிலந்தி இருந்தது. இப்போதுள்ளவர்களுக்கு அந்த வியாதி தெரியாது. காலில் ஒரு கொப்புளம் கிளம்பும், உடையும், உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, தினமும் துளித்துளியாக வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோகும், கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். கோடையில் பாதி ஊர் குச்சியும் காலுமாகக் கிடக்கும்.

அது எப்படி வருகிறது என்று எங்களுக்கு விளக்கிச் சொன்னதே ஓவர்சியர்தான். முதல் தடவை வந்தபோது படியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். புண்ணோடு ஒருவர் தண்ணீரில் கால் வைத்தால், புழுவின் விதை தண்ணீரில் கலந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு அடுத்த வருஷம் காலில் வருகிறது. படியை அடைத்து, சுற்றிச் சுவர் எழுப்பி, மேலிருந்து கயிறு விட்டுச் சேந்துகிற கிணறாக மாற்றிவிட்டால் யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள், வியாதி போய்விடும். நான் அப்போது பஞ்சாயத்து போர்டில் மெம்பர். எட்டாவது வரைக்கும் படித்தவன் ஊரில் வேறு ஆள் இல்லாததால் கிடைத்த பதவி அது. ஊர் சார்பாக நான்தான் கேட்டேன்.

"அப்ப போர்டுல செஞ்சு குடுத்துடுங்க அய்யா."

"ஆகட்டும்" என்றார். டேப்பை எடுத்துக் கிணற்றை அளந்தார். என் மனைவி மாதம்மாள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஊரே சந்தோஷமாக வீட்டுக்குப் போயிற்று.

அதன்பிறகு நாங்கள் கேட்ட போதெல்லாம் அவர் வருவார், அளப்பார். எங்கள் கிணற்றை அளந்த மாதிரி வேறு எந்தக் கிணற்றையும் யாரும் அளந்திருக்க முடியாது. அது நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. அளந்து முடித்ததும் யாராவது ஒரு பெண் சொம்பில் தண்ணீர் நீட்டுவாள். துணியில் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் நீட்டின சொம்பை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது. வாங்கிக் குடிப்பார்.

இரண்டாவது வருஷமோ என்னவோ, நாங்களே மூடிக்கொள்கிறோம் என்று கிளம்பினோம். கல்லுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்! அவர் சைக்கிளில் பறந்து வந்தார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "தொடாதீங்க. இது இப்ப போர்டு வேலை. எஸ்டிமேட் போயிருக்கு. நீங்க ஒரு கல்லை நகர்த்தினாலும் எல்லாம் ரத்தாயிடும்" என்றார்.

"அப்ப இந்தக் கோடைக்குள்ள வந்துடுங்களா?"

"ஆகட்டும்."

அவ்வளவுதான், எங்களைக் கட்டிப் போட்டாயிற்று. கேட்டால் ஆகட்டும். செய்யப் போனால் தொடாதே. கிணறு எங்களுடையதும் இல்லை, போர்டுடையதும் இல்லை. நடுவில் தண்ணீர் மட்டும் தினமும் எங்களுடையது.

அந்தக் கோடையில் மாதம்மாளுக்கு முழங்காலுக்குப் பக்கத்தில் சிலந்தி வந்தது. பாதி வெளியே வந்திருந்தபோது மாடு திமிறிக் கயிறு காலில் இழுபட, புழு அறுந்துபோயிற்று. பல மாதம் படுக்கை. எழுந்தபோது அந்த முழங்கால் மடங்கவில்லை. கம்பு மாதிரி நீட்டிக்கொண்டேதான் உட்கார வேண்டும், விந்தி விந்தித்தான் நடக்க வேண்டும். அப்போதும் நான் தருமபுரிக்குப் போனேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சொன்னதைக் கேட்டு அவர் கண் கலங்கினார். கடையிலிருந்து காபி வரவழைத்துக் கொடுத்தார். நான் திரும்பி வந்தேன். "என்ன சொன்னாரு?" என்றாள் மாதம்மாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அவளுக்கே தெரிந்தது.

அதற்குள் உலகச் சண்டை வந்துவிட்டது. சிமெண்டுக்குக் கன்ட்ரோல், இரும்புக்குக் கன்ட்ரோல், மண்ணெண்ணெய்க்குக் கன்ட்ரோல். ஆகட்டும் ஒன்றுக்குத்தான் கன்ட்ரோல் வரவில்லை. அப்படி ஒரு கோடையில், ஓவர்சியர் ஆபீசுக்கே வருவதில்லை, படுத்திருக்கிறார் என்று சேதி வந்தது. அவருக்கும் சிலந்தி. எங்கள் ஊர் சொம்பு வேலையைக் காட்டிவிட்டது.

"வண்டியக் கட்டுங்க, நானும் வரேன்" என்றாள் மாதம்மாள்.

தருமபுரி அறையில் ஓவர்சியர் கட்டிலில் தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்தார். கணுக்காலில் குச்சியும் துணியும். மாதம்மாள் சுவரில் சாய்ந்து, விறைத்த காலை நீட்டி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப எரியுதுங்களா?"

"நெருப்பு வச்ச மாதிரி எரியுதும்மா. நீங்கள்லாம் எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்களோ."

"இழுத்துப்புடாதீங்க. அறுந்தா என்னாட்டம் ஆயிடும். நான் ஒண்ணு கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன். எங்க கெணறு ஆவுமா, ஆவாதா?"

"ஆகட்..."

"அது வேணாங்க சாமி. அதக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போச்சு. ஆவுமா, ஆவாதா?"

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் அவளுடைய முழங்காலைப் பார்த்தார். "ஆகாதும்மா" என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார்.

"சிமெண்டெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது. சண்டை இல்லாட்டியும் ஆகியிருக்காது. கேக்கற ஊருக்கெல்லாம் செய்ய போர்டால முடியாது. எனக்கு முதல் வருஷமே தெரியும்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க?" என்றேன்.

"ஆகும்னு சொல்ற அதிகாரம் இஞ்சினியருக்கு. ஆகாதுன்னு சொல்ற அதிகாரம் போர்டு பிரசிடெண்டுக்கு. அவருக்கு ஓட்டு வேணும், சொல்ல மாட்டார். ரெண்டு பேருக்கும் நடுவில எனக்குன்னு விட்டு வச்சது அந்த ஒரு வார்த்தைதான். நீங்க அவ்வளவு தூரம் நடந்து வந்து நிக்கிறீங்க. வெறுங்கையோட எப்படி அனுப்புறது?"

"வெறுங்கையோட அனுப்பியிருந்தா, அந்தக் கையாலயே கல்லத் தூக்கிப் போட்டு மூடியிருப்போமே சாமி" என்றாள் மாதம்மாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் நிஜமான கோபம் வந்தது. வந்தும் என்ன பிரயோஜனம்? காலில் புழுவோடு படுத்து அழுகிற ஆளை என்ன செய்ய முடியும்?

வண்டி ஊருக்குள் நுழையும்போதே மாதம்மாள் கத்தினாள். "ஆவாதுன்னுட்டாரு! ஓவர்சியரே சொல்லிட்டாரு, ஆவாதாம்!" கல்யாணச் சேதி கேட்ட மாதிரி ஜனங்கள் ஓடிவந்தார்கள். மறுநாள் விடிந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. சிமெண்டு யாருக்கு வேண்டும்? காட்டுக் கருங்கல், சுண்ணாம்பு, மணல். படி இறங்குகிற வாயை அடைத்தோம், சுற்றிலும் இடுப்பளவு சுவர் வைத்தோம், வாகைக்கட்டையில் ராட்டினம் செய்து மாட்டினோம். வருஷக்கணக்காக ஆகாதது கை வைத்ததும் ஆயிற்று.

கால் ஆறி எழுந்ததும் ஓவர்சியர் வந்து பார்த்தார். மாதம்மாளிடம் சொன்னார். "இப்ப குடிக்கற தண்ணி சுத்தம். ஆனா மூடறதுக்கு முந்தி குடிச்சது உங்க ஜனங்க உடம்புல இன்னும் இருக்கு. அது வர்ற கோடையில வெளிய வரும். அந்த ஒரு கோடை மட்டும் புண்ணோட யாரும் தண்ணியில கால் வைக்காம தாண்டிட்டா, அப்புறம் உங்க ஊர்ல இந்த வியாதியே கிடையாது." எங்கள் ஊருக்குள் வந்து, ஆகட்டும் என்று முடிக்காமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் இஞ்சினியர் காரில் வந்து இறங்கினார். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு மூடினீர்கள்?" என்றார். போர்டால் ஆகாது என்று தெரிந்ததால் மூடினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஓவர்சியர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போர்டு செய்யாது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"எங் காலு சொல்லிச்சுங்க" என்றாள் மாதம்மாள்.

இஞ்சினியர் கெட்டவர் அல்ல. எங்களுக்குப் புரியவேண்டும் என்று பொறுமையாகவே விளக்கினார். இந்தக் கிணற்றுப் படியை மூடுகிற வேலை போர்டில் நிலுவையில் இருக்கிறது. மூடுகிற வேலை நிலுவையில் இருக்கும்போது கிணறு மூடியிருக்கக் கூடாது. மூடியிருந்தால் போர்டு எதை மூடும்? ஆகவே பழையபடி திறந்து வைக்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு ஓவர்சியர் பக்கம் திரும்பினார். "நீரே ஆள் வைத்துத் திறந்துவிடும்."

"ஆகட்டும் சார்" என்றார் ஓவர்சியர்.

இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று கடப்பாரைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வந்தார், தனியாக, சைக்கிளில். டேப்பை எடுத்து நாங்கள் கட்டின சுவரை அளந்தார். ராட்டினத்தில் சேந்தின தண்ணீரை வாங்கிக் குடித்தார். போய்விட்டார். மேலிடத்திலிருந்து தாக்கீது வந்த போதெல்லாம் இப்படியே வந்து அளந்துவிட்டுப் போனார். எங்களை இத்தனை வருஷம் வதைத்த அதே வித்தையை அவர் இப்போது மேலதிகாரிகளிடம் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உறைத்தபோது, வயல் வரப்பில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "வேணும்னுதான் செய்றீங்களா, இல்ல இதுவும் உங்க வழக்கந்தானுங்களா?"

சைக்கிளில் ஏறப் போனவர் நின்று யோசித்தார். "எனக்கே தெரியலைங்க" என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை.

தை பிறந்ததும் அவரைப் பாலக்கோட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த ஓவர்சியர் சின்ன வயசு, சுறுசுறுப்பு, சொன்னதைச் செய்கிறவர். எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையை ஒரே வாரத்தில் போட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த வாரம் ஆட்களோடும் கடப்பாரையோடும் கிணற்றுக்கு வந்தார். நாங்கள் சுற்றிக்கொண்டோம். இந்தக் கோடை ஒன்றை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"முடியாது" என்றார் நேராக. "உத்தரவு இருக்கு. மறுபடி மூடினா கேஸ் போடுவேன்." போடுவார் என்பது முகத்திலேயே தெரிந்தது. எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் இப்படி ஒரு நேரான பதிலை! மத்தியானத்துக்குள் சுவர் கல்லுகல்லாக மேட்டில் கிடந்தது. படி பழையபடி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மாசியிலேயே கொப்புளங்கள் கிளம்ப ஆரம்பித்தன. எரிகிற காலுக்குக் குளிர்ந்த தண்ணீரைவிடச் சுகம் வேறு இல்லை. யார் எவ்வளவு சொன்னாலும் கால் தானாக அங்கே போகும். மாதம்மாள் விடியற்காலையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய் மேல்படியில் விரித்து, விறைத்த காலைப் படிக்குக் குறுக்கே நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "மூடக்கூடாதுன்னுதான் உத்தரவு. குந்தக்கூடாதுன்னு இல்லியே" என்றாள். வருகிறவர்களை எல்லாம், "காலக் காட்டு" என்பாள். புண் இல்லாதவர்களுக்கு வழி விடுவாள். புண் உள்ளவர்கள் மேலேயே நிற்க வேண்டும், மற்றவர்கள் முகந்து கொடுக்க வேண்டும். திட்டினார்கள், கெஞ்சினார்கள், தாண்டப் பார்த்தார்கள். அவளுடைய கால் முழு அகலத்துக்கும் எட்டவில்லை. ஓரத்தில் ஒரு ஆள் நுழைகிற சந்து இருந்தது. அங்கே கையை ஊன்றிக்கொள்வாள். சோறு அங்கேதான். பொழுது சாய்ந்து கடைசிக் குடம் ஏறினபிறகுதான் வீட்டுக்கு வருவாள். அவளை எழுந்து வரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, இருக்கச் சொல்லவும் வரவில்லை.

சித்திரை மாதம் நல்ல வெயிலில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் ஒன்று ஊர் முனையில் நின்றது. அடுப்பைக் கிளறிக் கரி போடுவதற்காக டிரைவர் இறங்கினார். பின்னால் பழைய ஓவர்சியர் இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, லேசாக விந்திக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். திறந்து கிடக்கிற படியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாதம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "வாங்க. காலக் காட்டுங்க" என்றாள்.

அவர் வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். "ஆறிப்போச்சு. நீங்க எறங்கலாம்" என்றாள்.

அவர் இறங்கவில்லை. "எப்பலேர்ந்தும்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

"தொறந்துட்டுப் போனாங்களே, அப்புறம் மாசியில கொப்புளம் கெளம்பினதுலேர்ந்துதான். நான் எந்திரிச்சா புண்ணுக்காரங்க எறங்கிடறாங்க. இந்த ஒரு கோடை தாண்டிட்டா போதும்னு நீங்கதான சொன்னீங்க. நெசமாலுமே போதுங்களா? இதோட ஒழிஞ்சிடுங்களா?"

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். வாயைத் திறந்தார். என்ன வார்த்தை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வரவில்லை. பஸ்காரர் ஹாரனை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். ஓவர்சியர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லைப் பிடித்து மெல்லக் குனிந்து, அவள் கால் எட்டாமல் விட்டிருந்த சந்தில் உட்கார்ந்தார்.

குடத்தோடு ஒருத்தி வந்தாள். இந்தத் தடவை அவர்தான் கேட்டார். "காலைக் காட்டும்மா."